ஏழு ஜோடி நீல ஷூ

முறையீட்டு மேசைப் பக்கம் அன்று காலையிலிருந்து ஓர் ஈகூட எட்டிப் பார்க்கவில்லை. பல் டாக்டருக்கு அதில் பெரிய மனக்குறை. வார நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்த்தே காலம் தள்ளுகிற மனிதர். வருடத்துக்கு ஒரு முறை முறையீட்டு நடுவர் குழுவில் உட்கார வைக்கிறார்கள், அதிலாவது ஒரு வழக்கு வந்து சேராதா என்று பள்ளிக்கூட வகுப்பறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து நாற்காலியில் குழுவின் தலைவி. ஊரில் தையற்கடை வைத்திருப்பவர், எல்லோருக்கும் தையலக்கா. அவர் யாருடைய சட்டையிலோ கழன்று போன பொத்தானை நிதானமாகத் தைத்துக்கொண்டிருந்தார். வழக்கு வராவிட்டால் அவருக்கு ஒரு கவலையும் இல்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது ஒரு பெண், காலில் வெறும் சாக்ஸோடு, கையில் ஒரு காகிதத்தோடு உள்ளே வந்தாள். டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்தவள் காலையில் ஜெயித்தவள்.

நடந்தது திசைகாட்டி ஓட்டம். காட்டுக்குள் ஆங்காங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பதினான்கு கொடிகளைக் கட்டி வைத்திருப்பார்கள். ஒரு வரைபடத்தையும் திசைகாட்டியையும் கையில் கொடுத்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருவராகக் கிளப்பி விடுவார்கள். கொடிகளை வரிசைப்படி கண்டுபிடித்து, ஒவ்வொன்றிலும் தொங்கும் ஊசிக் கருவியால் அட்டையில் குத்திக்கொண்டு திரும்பி வர வேண்டும். கேட்கச் சுலபம். காட்டுக்குள் போனால்தான் வடக்கு எது, தெற்கு எது என்று தெரியாமல் முழி பிதுங்கும்.

வந்தவள் பேருந்து நடத்துநர். பதினோரு வருடமாக ஒரு போட்டி விடாமல் ஓடுகிறாள். பதினோரு வருடமாகக் கடைசியில்தான் வருகிறாள். சங்கத்தில் அவளுக்குக் 'கடைசி பஸ்' என்று பெயர். 'கடைசி பஸ் வந்தாச்சா, கடையைக் கட்டலாமா?' என்று கேட்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். இன்று அதே கடைசி பஸ் எழுபது நிமிடத்தில் பதினான்கு கொடியையும் பிடித்து, பதினொன்று ஐம்பத்திரண்டுக்குத் திரும்பிவிட்டாள். ஐந்து வருடமாக முதலிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத நீச்சல் பயிற்சியாளர் பெண்ணுக்கு எழுபத்திரண்டு நிமிடம். மதியம் முழுக்க இதே பேச்சுதான்.

காகிதத்தைத் தையலக்கா வாங்கிப் படித்தார். தலைமை நடுவரின் தீர்ப்பு அது. 'விதி பதினொன்று: வரைபடத்தில் கோடு போட்டுத் தடுத்த பகுதிக்குள் போட்டியாளர் கால் வைக்கக் கூடாது. இவருடைய ஷூவில் நாற்றங்கால் தோட்டத்தின் செம்மண் சேறு உள்ளது. முதலிடம் ரத்து. ஓராண்டு தடை.' மறுப்பு இருந்தால் அரை மணிக்குள் எழுதித் தர வேண்டும். நான்கு மணிக்குப் பரிசளிப்பு.

நடத்துநர் உட்காரவில்லை. பதினைந்து வருடமாகப் பேருந்தில் நின்று பழகியவள், நின்றபடியே சொன்னாள். எட்டாம் கொடிக்கும் ஒன்பதாம் கொடிக்கும் நடுவில் அந்தத் தோட்டம் இருப்பது உண்மை. குறுக்கே போனால் இரண்டு மூன்று நிமிடம் மிச்சம் என்பதும் உண்மை. ஆனால் தான் வேலியைச் சுற்றித்தான் ஓடினாள். கண்ட சாட்சி யாரும் இல்லை. ஓடி முடித்த பிறகு ஷூவைக் கழற்றி வராந்தாவில் வைத்தவள், தீர்ப்பு வரும்வரை பள்ளியின் பெரிய கூடத்தை விட்டு வெளியே போகவே இல்லை. நேரப் பலகைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் பெயருக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"பதினோரு வருஷம் கடைசியா வந்தேன். அப்பெல்லாம் ஒருத்தரும் என்மேல சந்தேகப்படல அக்கா. பரிசு போனா போகட்டும். திருட்டு ஓட்டம் ஓடுனேன்னு சொல்றாங்களே, அதைத்தான் தாங்க முடியல."

தையலக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, கொஞ்சமும் பொருந்தாத ஒரு கேள்வியைக் கேட்டார். கழற்றி வைக்கும்போது ஷூ நாடாவை என்ன செய்வாள் என்று. நடத்துநர் திகைத்தாள். முழுதாக அவிழ்த்து ஷூவுக்குள்ளேயே திணித்து வைப்பாளாம். பணிமனை ஓய்வறையில் உடன் வேலை செய்பவர்கள் இரண்டு பேருடைய ஷூ நாடாவைச் சேர்த்து முடிச்சுப் போட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அதற்குப் பயந்து வந்த பழக்கம். ஓடும்போது மட்டும் இரட்டை முடிச்சு.

"சரி. போய் டீ குடி. நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு," என்றார் தையலக்கா.

வராந்தாவுக்குப் போனார்கள். தலைமை நடுவர் எழுதி ஒட்டிய இருபத்துமூன்று விதிகள் சுவர்தோறும் சிரித்தன. விசில் இல்லாமல் புறப்படக் கூடாது; பாதியில் விட்டாலும் முடிவிடத்தில் வந்து சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்; ஒரு மணிக்குப் பாதை மூடப்படும். ஒன்பதாம் விதிப்படி ஓட்ட ஷூவோடு யாரும் கூடத்துக்குள் நுழையக் கூடாது, அடியிலுள்ள முள் தரையைக் கீறிவிடும். அதனால் அத்தனை பேர் ஷூவும் வராந்தாவில் நீண்ட மர அடுக்குகளில் கிடந்தது.

எள் என்றால் எண்ணெயாக நிற்பவர் டாக்டர். சொல்வதற்கு முன்பே குனிந்து எண்ண ஆரம்பித்துவிட்டார். போன வருடம் சங்கம் நடுவர் முதல் ஓட்டக்காரர் வரை கேட்டவர்களுக்கெல்லாம் மொத்தமாக ஒரே மாதிரி நீல ஷூ வாங்கிக் கொடுத்தது. அடுக்கில் அந்த நீலம் ஏழு ஜோடி. அளவு எட்டு இரண்டு ஜோடி, ஒன்பது மூன்று, பத்து இரண்டு. ஆறு ஜோடியில் காட்டின் சாம்பல் நிறத் தூசி, உலர்ந்து போய். ஒன்றில் மட்டும் கணுக்கால் வரை சிவப்புச் சேறு. அளவு எட்டு. ஷூ நாக்கின் உள்பக்கம் பேனாவால் '17' என்று எழுதியிருந்தது, அது நடத்துநரின் பேருந்துத் தட எண். சந்தேகத்துக்கு இடமே இல்லை, அவளுடையதுதான். டாக்டர் எல்லாவற்றையும் பரிசோதனைச் சீட்டின் பின்புறம் குறித்துக்கொண்டார். நீச்சல் பயிற்சியாளரின் ஷூ வேறு நிறம், வேறு அடுக்கு.

தையலக்கா அந்தச் சிவந்த ஷூவைக் கையில் எடுத்தார். சேற்றில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், விரல் பதிந்தது. நாடாவை நுனிவரை விரலுக்கிடையில் ஓட்டிப் பார்த்தார். முழு நீளமும் சேறு, நுனியில் இருந்த பிளாஸ்டிக்கில்கூட. பின்பக்கம் குதிகால் மடங்கி நசுங்கிப் போயிருந்தது. டாக்டர்தான் கேட்காமலேயே சொன்னார், மழை ஒன்றேகாலுக்கு ஆரம்பித்து இருபத்தைந்து நிமிடம் பெய்தது, அவள் திரும்பியதோ பன்னிரண்டுக்கு முன்னால், அப்படியானால் சேறு எப்படி வரும் என்று.

அந்தக் கேள்விக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. தலைமை நடுவர் வந்து நின்றிருந்தார். வார நாட்களில் மருந்துக்கடைக்காரர். சின்ன உருவம், சின்னக் கால், காலில் வீட்டு ரப்பர் செருப்பு, சத்தம் மட்டும் பெரிது. மழை எதற்கு என்றார். நாற்றங்காலில் நாள் முழுக்கக் குழாயில் தண்ணீர் பாயும், எந்த வெயிலிலும் சேறு இருக்கும். இந்தச் சுற்று வட்டாரத்தில் செம்மண் அங்கே மட்டும்தான், லாரியில் கொண்டுவந்து கொட்டியது. தான் ஒன்றும் அவள்மேல் வன்மம் வைத்துச் சொல்லவில்லை, நீச்சல் பயிற்சியாளர் இரண்டேகாலுக்கு வந்து காட்டினாள், தான் பார்த்தார், அவ்வளவுதான். மாமன் மகளாக இருந்தாலும் விதி விதிதான்.

"தோட்டத்தைச் சுத்தி முள்வேலி இருக்கே சார்," என்றார் தையலக்கா.

"வேலியாவது ஒண்ணாவது. கேட்டுல பூட்டே கிடையாதும்மா. சங்கிலியைச் சும்மா கொக்கியில மாட்டி வெச்சிருக்காங்க. யார் வேணா உள்ள போய்ட்டு வரலாம்."

பிறகு அவர் தன் குறையைப் பாடினார். கொடி எடுத்து வர வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல். பாதை மூடியதும் எட்டு, ஒன்பது, பத்து மூன்றையும் தானே போய் எடுத்து வர வேண்டியதாயிற்று. மேகம் வேறு கவிந்துகொண்டு வந்தது, அடித்துப் பிடித்து ஓடித் தொப்பலாக நனைந்து வந்தார். அதோ மூலையில் கிடக்கிறது கொடிப் பை. இந்தச் சங்கத்தில் ஒருத்தனாவது பொறுப்பாக இருக்கிறானா? இத்தனைக்கும் நடுவில் இந்த வழக்கு வேறு.

அவர் போனதும் தையலக்கா டாக்டரை நாற்றங்காலுக்கு அனுப்பினார், காவலாளியிடம் மூன்றே மூன்று கேள்வி கேட்டு வரும்படி. தண்ணீர் எப்போது பாய்ந்தது? கேட் எப்போது திறந்தது? திறந்த பிறகு யார் உள்ளே போனார்கள்?

டாக்டர் பதினைந்து நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பினார். வரும் வழியெல்லாம் மனசுக்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்தாகிவிட்டது. மோட்டார் எரிந்து மூன்று நாளாகிறது, குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காலையில் செம்மண் வெறும் புழுதிதான். கேட்டில் பெரிய பூட்டு தொங்கியது. ஒரு மணிக்குக் காவலாளியே பூட்டைத் திறந்து எடுத்து வைத்துவிட்டான், கொடி எடுப்பவர்களுக்காக. சங்கிலி மட்டும் கொக்கியில். ஒரே ஓர் ஆள்தான் உள்ளே போய் வந்தது. நல்ல மழை, தலையில் பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடியதால் முகம் தெரியவில்லை, ஆள் குள்ளம்.

"நீச்சல்காரிதான் அக்கா. சந்தேகமே வேண்டாம்," என்றார் டாக்டர். "தோத்த கடுப்பு. இவ ஷூவை எடுத்து மாட்டிக்கிட்டுப் போய்ச் சேத்துல மிதிச்சுட்டு வந்து, அவளே கண்டுபிடிச்ச மாதிரி புகாரும் கொடுத்துட்டா."

தையலக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பெண் ஆறடி, கால் அளவு பதினொன்று, எட்டாம் நம்பர் ஷூவில் அவளுடைய கட்டைவிரல்கூட நுழையாது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அவருடைய அம்மா சொல்வதுண்டு. இப்போது அம்மா பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"சீட்டை உள்ள வைக்காதீங்க டாக்டர். நீங்க எழுதுனதுலயே விடை இருக்கு. ஏழு ஜோடியில எத்தனை சிவப்புன்னு எழுதியிருக்கீங்க?"

"ஒண்ணு."

"அதுதான் எனக்கு உதைக்குது," என்று எழுந்தார் தையலக்கா.

மூன்று நாற்பதுக்கு எல்லோரையும் அந்த வகுப்பறைக்கே வரச் சொன்னார். சிறு பிள்ளைகளின் பெஞ்சுகள். முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் நீச்சல் பயிற்சியாளர், இன்னொரு பக்கம் நடத்துநர். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர் விதிப் புத்தகத்தோடு நின்றார். சிவந்த ஷூ மேசைமேல் ஒரு செய்தித்தாளில் இருந்தது.

தையலக்கா பாடம் நடத்துகிற மாதிரி எதுவும் செய்யவில்லை. தன் கடையில் அளவு சொல்கிற அதே குரலில் பேசினார்.

"இந்தச் சேறு மழைக்கு அப்புறம் வந்தது. காலையில அங்க தண்ணியே கிடையாது, மோட்டார் எரிஞ்சுபோச்சு. கேட்டுல பூட்டு இருந்தது. மழை பெஞ்சப்ப இந்தப் பொண்ணு நேரப் பலகைக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. ஷூ மட்டும் போயிருக்கு, ஆள் போகல."

ஷூ தானாக நடந்து போகுமா என்றார் மருந்துக்கடைக்காரர். வேலிக்கு அடியில் காலையிலேயே புகுந்திருக்கலாம், பிறகு மழைச்சாரல் பட்டுப் புழுதி சேறாகியிருக்கலாம்.

"சாரல் பட்டா மேல நனையும். நாடாவோட நுனிவரைக்கும் சேறு ஏறாது. இதைப் போட்டவங்க நாடாவைக் கட்டல, தரையில இழுபட விட்டிருக்காங்க. குதிகாலையும் மிதிச்சு மடக்கிட்டுச் செருப்பு மாதிரி மாட்டியிருக்காங்க. இரட்டை முடிச்சுப் போட்டு ஓடுற ஆள் இப்படிப் போடுவாளா? நாடாவைக் கட்டாம பதினாலு கொடி ஓடி எழுபது நிமிஷத்துல வர முடியுமா? இது ஓடுனவங்க கால் இல்ல சார். மழை வருதேன்னு அவசரமா மாட்டிட்டுப் போனவங்க கால்."

நீச்சல் பயிற்சியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதைத் தான் கவனிக்கவில்லை, சிவப்பைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னாள். தையலக்கா அவளைப் பார்த்துத் தலையாட்டினார், பிறகு நடுவர் பக்கம் திரும்பினார்.

"ஒன்பதாம் கொடியை எடுக்க எந்த வழியா சார் போனீங்க?"

"தோட்டத்து வழியாத்தான். ஏன், கூடாதா? பதினொண்ணாம் விதி போட்டியாளருக்கு. நான் நடுவர். காவல்காரன்கிட்ட முன்னாடியே அனுமதி வாங்கியிருக்கேன்."

"தப்பே இல்ல. கேட்டுல பூட்டு இல்லைன்னு நீங்க சொன்னப்பவே தெரிஞ்சுது, ஒரு மணிக்கு மேல நீங்க அந்தப் பக்கம் போயிருக்கீங்கன்னு. அதுக்கு முன்னாடி பூட்டு இருந்ததே. நல்ல மழையில செம்மண்ணுல நடந்திருக்கீங்க. அப்ப உங்க ஷூவும் சிவப்பா இருக்கணுமே?"

"இருக்கும். அதுக்கென்ன இப்ப?"

"கொஞ்சம் போய் எடுத்துட்டு வாங்க சார்."

மருந்துக்கடைக்காரர் அலட்சியமாகப் போனார். வராந்தாவில் ரப்பர் செருப்பின் சத்தம் கேட்டது, நின்றது, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தது, மறுபடி நின்றது. டாக்டர் சீட்டை வெளியே எடுத்தார். ஏழு ஜோடி, ஒரே ஒரு சிவப்பு. ஒருவருக்கு அனுமதியோடு சேறு, ஒருத்திக்கு அனுமதியில்லாமல் சேறு என்றால் இரண்டு ஜோடி சிவந்திருக்க வேண்டும். எண்ணியவரும் அவரே, எழுதியவரும் அவரே. இத்தனை நேரம் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியிருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

நடுவர் திரும்பி வந்தபோது கையில் ஒரு ஜோடி நீல ஷூ இருந்தது. அளவு எட்டு. உள்ளே அவருடைய கடையின் பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தது. அடியில் சாம்பல் தூசி, காலையில் கொடி கட்டப் போனபோது ஒட்டியது. ஒரு துளி ஈரமில்லை, ஒரு பொட்டுச் சிவப்பில்லை. மனிதர் பேயறைந்த மாதிரி நின்றார். மேசைமேல் இருந்ததையும் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மேகத்தைப் பார்த்துட்டே காலை விட்டேன்," என்றார். குரலில் பாதி காணாமல் போயிருந்தது. "கொஞ்சம் தொளதொளன்னு இருந்துச்சு. நாடாவைக் கட்டலையே, அதனாலன்னு நெனச்சேன். திரும்பி வந்து கழட்டிப் போட்டுட்டு உள்ள போனவன், அதுக்கப்புறம் என் ஷூ எதுன்னு தேடவே இல்ல."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இவருக்குத் தன் காலே தெரியவில்லை. டாக்டருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் நடத்துநரைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. இரண்டு உள்ளங்கையையும் முழங்காலில் அழுத்தி வைத்துக்கொண்டு, இவ்வளவு நேரமும் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். அவள் ஓடியது நேர்மையான ஓட்டம்தான். அது போதும் அவளுக்கு.

நீச்சல் பயிற்சியாளர் எழுந்து வந்து அவள் பக்கத்திலேயே, அந்தச் சின்ன பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மன்னிச்சிருங்க அக்கா என்றாள். பிறகு, எட்டாம் கொடியிலிருந்து ஒன்பதுக்கு எந்தப் பக்கமாகச் சுற்றினீர்கள் என்று கேட்டாள். ஓடைப் பக்கமாக என்றாள் நடத்துநர். நான் மேட்டுப் பக்கம் போனேன், அங்கேதான் அந்த இரண்டு நிமிடம் போய்விட்டது என்று பயிற்சியாளர் நெற்றியில் தட்டிக்கொண்டாள். உடனே இருவரும் வரைபடத்தை விரித்துவிட்டார்கள். ஓடுகிறவர்கள் அப்படித்தான், ஒரு மேட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சண்டையை மறந்துவிடுவார்கள்.

மருந்துக்கடைக்காரர் தீர்ப்புக் காகிதத்தை நான்காக, எட்டாகக் கிழித்தார். ஆனால் அதோடு விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை. விதி என்றால் விதிதானே. தலைமை நடுவர் பிழை செய்தால் என்ன தண்டனை என்று இருபத்துமூன்றிலும் தேடினார், இல்லை. அப்படி ஒரு விதியை எழுத அவருக்குத் தோன்றியதே இல்லை. என்ன செய்யலாம் என்று தையலக்காவைக் கேட்டார். என்னைக் கேட்காதீர்கள், பாதிக்கப்பட்டவளைக் கேளுங்கள் என்றார் அவர்.

நடத்துநர் வரைபடத்திலிருந்து தலையைத் தூக்கிச் சற்று யோசித்தாள்.

"எல்லாருக்கும் முன்னாடி தப்பாச் சொன்னீங்க. எல்லாருக்கும் முன்னாடி சரியாச் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம் சார்."

நான்கு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. அவர் ஒலிவாங்கியைப் பிடித்துத் தன் பிழையை ஆரம்பத்திலிருந்து சொன்னார், ரப்பர் செருப்புவரை ஒன்றையும் விடாமல். சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் யாரோ கையைத் தட்ட, எல்லோரும் தட்டினார்கள். பிறகு முடிவுகளைப் படித்தார்: மூன்றாமிடம், இரண்டாமிடம், முதலிடம். முதலிடத்துக்கு நேரே எழுபது நிமிடம் பத்து வினாடி.

நடத்துநர் சாக்ஸ் காலோடு மேடையேறினாள். பரிசை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள், கைகொடுத்தாள், ஆனால் இறங்கவில்லை. பேருந்தில் சில்லறைக்காக நிற்கிற மாதிரி நடுவர் பக்கத்திலேயே நின்றாள். இன்னும் என்னம்மா என்று கேட்டார் அவர்.

"நேரத்தை மட்டும் இன்னொரு தடவை படிங்க சார்."

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.